நிலக்கரிக்கு 400 ரூபாய்: வசூலான பணம் யாருக்குப் போனது?

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, சோப்பு, ஷாம்பு, சிறிய கார் என்று விலை குறையும் பொருள்களைப் பற்றித்தான் எங்கும் பேச்சாக இருந்தது. அதே நாளில் நிலக்கரி மீது டன்னுக்கு 400 ரூபாய் வீதம் வசூலிக்கப்பட்டுவந்த செஸ் ரத்தானது. பதிலுக்கு நிலக்கரியின் ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஏறியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மின்நிலையங்கள் வாங்கும் நிலக்கரியின் வரிச்சுமை சராசரியாக டன்னுக்கு 260 ரூபாய் குறையும், மின் உற்பத்திச் செலவு யூனிட்டுக்கு 17 முதல் 18 பைசா இறங்கும் என்று மத்திய அரசு அறிவித்தது. கார்பன் வரி என்ற பெயரில் இந்தியாவில் எதுவும் இருந்ததில்லை. அதற்கு மிக நெருங்கிவந்தது இந்தச் செஸ்தான். பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, பெரிய விவாதம் எதுவும் இன்றி அது போய்விட்டது.

ஏழைகளின் பக்கம் நிற்பவர்களில் பலர், போனது நல்லதே என்பார்கள். கரிக்கு வரி போட்டால் மின்கட்டணம் ஏறும், பெட்ரோல் டீசலுக்கு வரி போட்டால் காய்கறி விலை ஏறும், கடைசியில் எல்லாம் கூலிக்காரர் தலையில்தான் விடியும் என்பது அவர்கள் வாதம். நம் நாட்டு அனுபவம் அந்த அச்சத்துக்குப் போதுமான காரணங்களைத் தந்திருக்கிறது. ஆயினும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த ஆய்வுகளையும் நம் வரி வரலாற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், வறுமையைக் கூட்டுவதும் குறைப்பதும் வசூலான பணம் அடுத்து எங்கே போகிறது என்பதில்தான் இருக்கிறது என்று தெரிகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பணத்தின் பின்னால் போகிறது.

இதைப் புனே நகரத்தை முன்வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சந்திரபூர், கோராடி போன்ற அனல்மின் நிலையங்களிலிருந்து மின்சாரம் பெறும் மகாராஷ்டிரக் கட்டமைப்பில்தான் இந்நகரம் இருக்கிறது. போசரி, சாக்கண் தொழிற்பேட்டைகள் இரும்பையும் அலுமினியத்தையும் உருக்கியும் கடைந்தும் வாழ்கின்றன. இருசக்கர வாகனங்கள் நிறைந்த ஊர் இது. கோரேகாவ் பார்க்கின் அடுக்குமாடிகளும் பார்வதி குன்றின் சரிவில் ஏறி நிற்கும் ஜனதா வசாகத்தின் குடிசைகளும் ஒரே மின்வாரியத்துக்குக் கட்டணம் கட்டுகின்றன. இந்தியாவில் வறுமையை அளக்கும் முயற்சியின் முக்கியமான அத்தியாயம் ஒன்று எழுதப்பட்டதும் இங்கேதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 650 கிராம் நிலக்கரி எரிகிறது என்று கொண்டால், டன்னுக்கு 400 ரூபாய் செஸ் என்பது யூனிட்டுக்கு 26 பைசா. மின்சாரம் முழுவதும் கரியிலிருந்தே வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டிவியோடு மாதம் 60 யூனிட் செலவழிக்கும் குடிசை வீட்டின் பங்கு 16 ரூபாய்க்குள் அடங்கும். இரண்டு ஏசி ஓடும், மாதம் 600 யூனிட் போகும் வீட்டின் பங்கு 156 ரூபாய். இப்போது வரவைப் பாருங்கள். இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 2024-25இல் 100 கோடி டன்னைத் தாண்டியது. டன்னுக்கு 400 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய். 140 கோடிப் பேருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 285 ரூபாய், நால்வர் குடும்பத்துக்கு மாதம் 95 ரூபாய். குடிசை வீடு மின்கட்டணத்தில் நேராகக் கொடுக்கும் 16 ரூபாயோடு, சிமெண்ட், இரும்பு, துணி, சரக்குக் கட்டணம் வழியாக மறைமுகமாகக் கொடுப்பதையும் சேர்த்து இரண்டு மடங்காக வைத்தாலும் கையில் மிச்சம் நிற்கும். பெரிய வீடு கொடுத்ததைவிடக் குறைவாகத் திரும்பப் பெறும். நாட்டின் சராசரியைவிடக் குறைவாக எரிபொருள் செலவழிப்பவர் ஆதாயம் அடைவார், கூடுதலாகச் செலவழிப்பவர் கொடுப்பார். சமப் பங்காகத் திருப்பித் தரும் கார்பன் வரியின் கணக்கு இவ்வளவுதான்.

இதே கணக்கைச் செஸ் ரத்தான செய்திக்கும் போட்டுப் பார்க்கலாம். யூனிட்டுக்கு 17.5 பைசா குறைகிறது என்றால் 60 யூனிட் வீட்டுக்கு மாதம் 10 ரூபாய் மிச்சம், 600 யூனிட் வீட்டுக்கு 105 ரூபாய் மிச்சம். அந்தக் குறைப்பு மின்கட்டணத்தில் வந்து சேர்ந்தால்தான் இதுவும். மலிவான நிலக்கரியால் அதிகப் பயன் அடைபவர் அதிகம் எரிப்பவர். ஏழைகளுக்காகக் கரியின் விலையைக் குறைத்து வைக்கிறோம் என்று சொல்பவர்கள் இந்தப் பத்துக்கும் நூற்றைந்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. மேலை நாடுகளில் எரிபொருள் வரி ஏழைகளை அதிகம் தாக்கும் என்பது பழைய முடிவு. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்காமல் யாரும் வாழ முடியாது, காரில்லாத குடும்பம் குறைவு. வருமானம் குறையக் குறைய இந்தச் செலவின் பங்கு கூடும். இந்தியாவில் நிலைமை தலைகீழ். அசோகாங்குர் தத்தா 2010இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் எரிபொருள் வரியின் சுமை வசதியுள்ளவர்கள் மேல்தான் கூடுதலாக விழுகிறது என்று காட்டியது. அவர் கண்ட முக்கியமான விதிவிலக்கு மண்ணெண்ணெய். பெர்லினில் உள்ள மெர்க்காட்டர் ஆய்வு நிறுவனத்தினர் 2019இல் 87 நாடுகளை ஒப்பிட்டு, வருமானம் குறைந்த நாடுகளில் கார்பன் வரி பொதுவாக ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் திசையில் வேலை செய்கிறது என்றார்கள். காரணம் மகிழ்ச்சி தருவதல்ல. நம் ஏழைகள் வரி போடும் அளவுக்கு எரிபொருளே வாங்குவதில்லை. விறகும் சாணவரட்டியும் எந்த வரிக்கும் சிக்காதவை. அதோடு ஏற்றத்தாழ்வு குறைந்தால் வறுமையும் குறைந்துவிடும் என்றில்லை. பணக்காரர் நூறு ரூபாயும் ஏழை பத்து ரூபாயும் இழந்தால் இடைவெளி குறையும், ஏழை மேலும் ஏழையாவார். போட்ஸ்டாம் காலநிலைத் தாக்க ஆய்வு நிறுவனத்தினர் 2021இல் செய்த கணிப்பு இதை உலக அளவில் காட்டியது. தீவிரமான காலநிலை நடவடிக்கை எடுத்து, பணத்தைத் திருப்பித் தராமல் விட்டால் 2030இல் சுமார் 5 கோடிப் பேர் கூடுதலாகக் கடும் வறுமையில் விழுவார்கள். ஒவ்வொரு நாடும் வரிப்பணத்தைத் தன் மக்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் அந்த உயர்வு முழுவதும் ஈடாகி, வறுமை சற்றுக் குறையவும் செய்யும்.

சராசரிகளில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரே வருமானம் உள்ள இரண்டு குடும்பங்கள் இந்த வரியை ஒரே மாதிரி சந்திப்பதில்லை. புனேயின் ஆட்டோக்கள் பெரும்பாலும் சிஎன்ஜியில் ஓடுகின்றன. எரிவாயு விலை ஏறினால் அந்த ஓட்டுநரின் அன்றாட வருமானமே குறையும். அதே தெருவில், நடந்துபோய் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் பெண்ணுக்கு அந்த உயர்வு பெரிதாகத் தெரியாது. சொந்த மின்மீட்டர் உள்ள குடிசைக்கு மகாராஷ்டிரத்தில் 100 யூனிட் வரையிலான குறைந்த கட்டணம் கிடைக்கும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் விலையைக் கொடுக்கிறார். பல குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் எல்லோரும் மேல்படிக் கட்டணத்துக்குள் தள்ளப்படுகிறார்கள். கட்டட வேலைக்காக விதர்பாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவரின் ரேஷன் அட்டை ஊரில் இருக்கிறது. நிவாரணத்தை எந்தப் பட்டியலை வைத்துக் கொடுத்தாலும் முதலில் விடுபடுகிறவர் அவர்தான். வருமான அடுக்கு வாரியாகச் சராசரி எடுக்கும் ஆய்வுகளில் இவர்கள் எல்லோரும் ஒரே எண்ணுக்குள் கரைந்துபோகிறார்கள். எனக்கு இந்த ஆய்வுகள்மேல் உள்ள பெரிய மனக்குறை இதுதான்.

இனி, பணம் போன கதை. 2010-11 பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் செஸ் அறிவித்தார். 2014இல் அது 100, 2015இல் 200, 2016இல் 400. அந்தப் பணத்துக்காகத் தேசிய தூய எரிசக்தி நிதி என்ற தனி நிதி உருவாக்கப்பட்டது. 2017 வரையிலான செஸ் வசூல் சுமார் 86,400 கோடி ரூபாய். அதில் அந்த நிதிக்கு மாற்றப்பட்டது சுமார் 29,600 கோடி. அதிலும் திட்டங்களுக்குச் செலவானது சுமார் 15,900 கோடி. வசூலித்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் தூய எரிசக்திக்குப் போய்ச் சேர்ந்தது பதினெட்டு ரூபாய்தான் என்று பொருள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த நோக்கமும் கைவிடப்பட்டது. 400 ரூபாயும் மாநிலங்களுக்கான இழப்பீட்டு நிதியில் சேர்ந்தது. ஏழைகளுக்கு இதில் ஒரு பங்கு என்று எந்தக் கட்டத்திலும், சட்டத்தின் எந்த வரியிலும் சொல்லப்படவில்லை. போதாக்குறைக்கு, செஸ் என்பது மாநிலங்களோடு பகிர வேண்டிய வரித்தொகுப்பில் சேராது. மகாராஷ்டிரமும் தமிழ்நாடும் நெடுநாளாகச் சொல்லிவரும் புகார் இது.

பெட்ரோல், டீசல் கதை இன்னும் வலிக்கும். 2014 தொடக்கத்தில் பெட்ரோல் லிட்டருக்கு 9.48 ரூபாயாக இருந்த மத்தியக் கலால் வரி 2020 மே மாதம் 32.98 ரூபாயை எட்டியது. டீசல் 3.56இலிருந்து 31.83க்கு ஏறியது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகும். அந்தக் கலால் வரியை மட்டும் கார்பன் கணக்கில் மாற்றினால் டன்னுக்கு 14,000 ரூபாய்க்கு மேல். அதே காலத்தில் நிலக்கரியின் செஸ் அதே கணக்கில் ஏறத்தாழ 250 ரூபாய்தான். புகை அதிகம் கக்கும் எரிபொருளுக்குக் குறைந்த வரியும், ஹடப்சரிலிருந்து சாக்கணுக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர் நிரப்பும் எரிபொருளுக்கு மிக உயர்ந்த வரியும் நடைமுறையில் இருந்தன. 2020 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விழுந்துகிடந்தது. விலை குறைவின் பயன் மக்களுக்கு வராமல் கலால் வரி ஒரே நாளில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டப்பட்டது. சமையல் எரிவாயு மானியம் பெரும்பாலான வீடுகளுக்கு நின்றதும் அந்த மாதம்தான். திரும்ப வந்தது, ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்றே மாதங்களுக்கு. 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் கலால் வரி குறைக்கப்பட்டது உண்மை. அதற்குள் இரண்டு ஆண்டுகள் வசூலாகியிருந்தது.

ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயு தரும் உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கு மேல் இணைப்புகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பெண்களைப் புகையிலிருந்து காக்கும் பெரிய முயற்சி அது, சந்தேகமில்லை. ஆனால் 2019-20இல் ஓர் உஜ்வலா குடும்பம் சராசரியாக வாங்கியது ஆண்டுக்கு மூன்று சிலிண்டர்கள். 2023 மார்ச்சில் சிலிண்டர் விலை 1,100 ரூபாயைத் தாண்டியது. அடுப்பு வீட்டில் இருந்தும் விறகு பொறுக்கப் போன பெண்கள் எத்தனை பேர் என்று கிராமங்களில் கேட்டால் தெரியும். 2022இல் 200 ரூபாயும், 2023 அக்டோபரிலிருந்து 300 ரூபாயும் மானியமாக வந்த பிறகு சிலிண்டர் வாங்குவது மெல்லக் கூடியது. எரிபொருள் விலை உயர்வு ஏழை வீட்டில் நேரே பெண்ணின் உழைப்பாகவும் நுரையீரல் நோயாகவும் மாறுகிறது. எந்தக் கார்பன் வரியும் சமையல் எரிவாயுவைத் தொடக் கூடாது, தொட்டால் ஈடு முன்கூட்டியே கணக்கில் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைப்பதற்குக் காரணம் இது. இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது, வடக்கின் மீனவர்களும் மலையகத் தோட்டக் குடும்பங்களும் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். அது காலநிலைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் ஏழையின் எரிபொருள் விலையை ஈடில்லாமல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கண்முன்னான சாட்சி தேவையில்லை.

உலகில் பணத்தைத் திருப்பித் தந்த நாடுகளின் அனுபவம் கலவையானது. சுவிட்சர்லாந்து 2008 முதல் வெப்பமூட்டும் எரிபொருளுக்கு வரி விதித்து, அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திருப்பித் தருகிறது. மக்களின் பங்கு மருத்துவக் காப்பீட்டுத் தவணையில் கழித்துத் தரப்படுகிறது. அதனால் பணம் வந்ததையே பலர் உணர்வதில்லை. கனடா 2019 முதல் சுமார் 90 சதவீதத்தைக் குடும்பங்களுக்குத் திருப்பித் தந்தது. பெரும்பாலான குடும்பங்கள் எரிபொருளில் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திரும்பப் பெற்றன. அப்படியும் பெட்ரோல் நிலையத்தில் கண்ணில் பட்ட விலை மனத்தில் நின்றது, திரும்ப வந்த தொகை நிற்கவில்லை. 2025 ஏப்ரல் 1 அன்று அந்த வரி நுகர்வோருக்கு நீக்கப்பட்டது. பிரான்சில் ஈடு ஏதும் சரியாகச் சொல்லாமல் வரியை ஏற்றியபோது 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிக்காரர்கள் சாலைகளை மறித்தார்கள். ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தை வெட்டியபோது, விலை ஏறுவதற்கு முன்பே குடும்பங்களின் கணக்கில் பணத்தைப் போட்டுவைத்தது. பிற்பாடு பணவீக்கம் அந்தத் தொகையைத் தின்றுவிட்டது என்றாலும், தொடக்கத்தில் தெருவில் கலவரம் இல்லாமல் போனதற்கு அந்த முன்பணம் முக்கியக் காரணம். இவற்றில் நமக்கு மிகவும் பயன்படும் பாடம் ஈரானுடையது. பணம் முதலில், விலை பிறகு.

புனேக்குத் திரும்புவோம். 1971இல் இங்குள்ள கோகலே அரசியல் பொருளாதார நிறுவனத்தின் வி. எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் இந்தியாவின் வறுமை பற்றி எழுதிய ஆய்வு வெளியானது. கிராமங்களில் 40 சதவீதம், நகரங்களில் 50 சதவீதம் மக்களுக்கு வயிறு நிறையத் தேவையான உணவுக்கே வருமானம் போதவில்லை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அளந்து காட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. மேல்தட்டில் உள்ள சிறுபகுதியினரின் செலவிலிருந்து ஒரு பங்கை எடுத்து, அதைக் கொண்டு ஏழைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். யாரிடம் எடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே ஏட்டில் வைத்துப் பார்த்தது அந்த ஆய்வின் சிறப்பு.

அடுத்த சில ஆண்டுகளில் மகாராஷ்டிரம் அதைச் செய்தும் காட்டியது. 1972 வறட்சியின்போது, சட்டமேலவைத் தலைவராக இருந்த வி. எஸ். பாகேயின் முன்முயற்சியில் வளர்ந்த வேலை உறுதித் திட்டம் 1977இல் சட்டமானது. அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? 1975இல் மாதச் சம்பளக்காரர்கள் மேலும் தொழில் செய்வோர் மேலும் விதிக்கப்பட்ட தொழில்வரியிலிருந்தும், வாகனங்கள், பாசன நிலங்கள் மேல் போட்ட கூடுதல் வரிகளிலிருந்தும் வந்தது. அந்த வரிகள் கொண்டுவரும் தொகைக்குச் சமமான தொகையை மாநில அரசும் போட்டாக வேண்டும். மும்பையிலும் புனேயிலும் சம்பளச் சீட்டில் பிடிக்கப்பட்ட பணம், சோலாப்பூரிலும் பீடிலும் கல் உடைத்த பெண்களுக்குக் கூலியாகப் போனது. வேலை கேட்டால் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொன்னதால், நிதியமைச்சர் நினைத்தபோது வெட்ட முடியாத உரிமையாக அது இருந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் மூதாதை அதுதான். நகரத்தின் வரி கிராமத்து ஏழைக்குப் போகும் என்று பெயர் சொல்லி வரி விதித்தால் மக்கள் கட்டுகிறார்கள் என்பதற்குக் கனடாவையும் சுவிட்சர்லாந்தையும்விட இந்த மகாராஷ்டிரச் சான்று நமக்குப் பலமானது. நிலக்கரிச் செஸ் இதன் நேர் எதிர். அதில் நிதிக்கு ஒரு பெயர் இருந்தது, பணத்தைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இல்லை.

கையில் பணமாகத் தருவதா, வசதியாகத் தருவதா என்பது அடுத்த சர்ச்சை. பொருளாதார அறிஞர்கள் ரோஹித் ஆசாத், ஷௌவிக் சக்ரவர்த்தி இருவரும் கார்பன் வரியைக் கொண்டு குறிப்பிட்ட அளவு மின்சாரமும் பொதுப் போக்குவரத்தும் இலவசமாகத் தரலாம் என்று முன்மொழிந்தார்கள். பணமாகத் தரும் வழி மகாராஷ்டிரத்தில் ஏற்கெனவே திறந்திருக்கிறது. மாதம் 1,500 ரூபாய் தரும் லாட்கி பஹின் திட்டத்தின் முதல் தவணை விழா 2024 ஆகஸ்டில் புனேயின் பாலேவாடியில்தான் நடந்தது. கோடிக்கணக்கான பெண்களின் கணக்குக்குப் பணம் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது என்று அது காட்டியது. ஆனால் புனேக்கு என்று கேட்டால் நான் முதலில் பேருந்தைத்தான் சொல்வேன். 2025 ஜூன் மாதம் இந்நகரப் பேருந்துகளின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகவும், மாத அட்டை 900 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும் ஏறியது. மாநில அரசின் எஸ்டி பேருந்துகளில் 2023 முதல் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். நகரப் பேருந்தில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது இல்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். அது வேலை தேடிப் போகும் தூரத்தையே மாற்றியிருக்கிறது என்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். பெட்ரோல் வரியின் ஒரு பங்கு பேருந்துக்கு என்று எழுதிவைத்தால், புகையும் குறையும், ஏழையின் கையில் காசும் நிற்கும். ரேஷன் அட்டை ஊரில் இருக்கும் தொழிலாளியும் பேருந்தில் ஏறலாம். பட்டியல் தேவைப்படாத உதவி அது.

பட்டியலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கட்டடத் தொழிலாளர் நல செஸ் சாட்சி. 1996 சட்டத்தின்படி கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வசூலாகிறது. பல்லாயிரம் கோடி ரூபாய் தொழிலாளர்களைச் சேராமல் வாரியங்களில் கிடந்ததை உச்ச நீதிமன்றம் 2018இல் கடுமையாகக் கண்டித்தது. தொழிலாளர் பதிவு நடக்கவில்லை, பணம் மட்டும் சேர்ந்தது.

இந்தியா இப்போது வேறொரு பாதையில் போகிறது. 2022 எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டத்தின் அடிப்படையில் 2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தில், ஆலைகளுக்கு உற்பத்தி அளவுக்கேற்ற இலக்கு வைக்கப்படும். மிஞ்சிச் சாதித்தவர் விற்பார், தவறியவர் வாங்குவார். இதில் அரசுக் கருவூலத்துக்குக் குறிப்பிடத்தக்க வருவாய் வராது. விலை உயர்வு ஓரளவு மக்களிடம் வரலாம், திருப்பித் தரப் பணம் இருக்காது. இன்னொரு பக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவுக்குப் போகும் இந்திய இரும்பு, அலுமினியத்துக்கான கார்பன் விலை அங்கே இறக்குமதி செய்பவரிடம் வசூலாகும். உற்பத்தி செய்த நாட்டிலேயே கார்பன் விலை கட்டப்பட்டிருந்தால் அது கழித்துக்கொள்ளப்படும். நாம் வரி போடாவிட்டால் போசரி உலைகளின் புகைக்கான பணம் ஐரோப்பியக் கருவூலத்துக்குப் போகும். பார்வதி குன்றின் சரிவில் இருப்பவருக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது.

ஆகவே என் முடிவு இது. நிலக்கரி மீது கார்பன் வரி மீண்டும் வர வேண்டும், பழைய 400 ரூபாயைவிடக் கூடுதலாகவே வர வேண்டும். ஆனால் அந்த மசோதாவின் முதல் பிரிவில் வரி விகிதம் இருக்கக் கூடாது. வசூலில் எத்தனை சதவீதம் மக்களுக்கு, எந்த மாதம், எந்த வழியில் என்பது முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது தவறினால் வழக்குப் போடும் உரிமை மக்களுக்கு இருக்க வேண்டும். மாநிலங்களின் பங்கு அதிலேயே சொல்லப்பட வேண்டும். முதல் தவணை மக்கள் கைக்கு வந்த பிறகே முதல் டன்னுக்கு வரி விதிக்கப்பட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி ஒரு மசோதா வந்தால், எவ்வளவு அழகான சுற்றுச்சூழல் பெயரோடு வந்தாலும், அதை எதிர்க்கும்படி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொல்லுங்கள்.